வடித்த தண்ணீரின் நிறம்

குழந்தைகளுக்கு வண்ணப் பாஸ்தா செய்து கொடுக்கச் சொல்கிறவர்கள் ஒரே மூச்சில் இரண்டு பயன்களைச் சொல்கிறார்கள். காய்கறியைத் தொடாத பிள்ளை நிறத்துக்காகவேனும் தட்டைக் காலி செய்யும் என்பது ஒன்று. வேக வைக்காத பாஸ்தாவுக்குச் சாயம் ஏற்றிவிட்டால் பிள்ளை அதை நூலில் கோர்க்கும், நிறம் பிரித்து அடுக்கும், தாளில் ஒட்டும், விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கும் என்பது மற்றொன்று. பொட்டலம் ஒன்று, பயன் இரண்டு என்னும் இந்தக் கணக்கு பாளையங்கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அதில் முதல் பாதி பிடித்திருந்தது. இரண்டாம் பாதியைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று நெருடியது. என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. உணவுப் பொருளை வீணாக்குகிறோம் என்பதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் மீந்து போகிற சோற்றைக் கணக்குப் பார்த்தால் அந்தக் கைப்பிடிப் பாஸ்தா ஒரு பொருட்டே இல்லை என்பதால், அந்த விளக்கம் எனக்கே நிற்கவில்லை.

என் மகளின் மழலையர் வகுப்பில் கோர்த்து விளையாட வண்ணப் பாஸ்தா கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நானும் எல்லாரையும் போல ஒரு பிளாஸ்டிக் பையில் பென்னே என்னும் குழல் பாஸ்தாவைப் போட்டு, ஒரு கரண்டி வினிகரில் கலந்த சிவப்புச் சாயத்தை ஊற்றி, பையின் வாயை முறுக்கிப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன். வினிகர் எதற்கென்றால், நிறம் சீராகப் பரவுவதற்கும், தண்ணீரை நிறைய ஊற்றிப் பாஸ்தாவை ஊற விட்டுவிடாமல் இருப்பதற்கும்தான். அடுக்களைக்குள் வந்த அத்தை, அதாவது என் கணவரின் தாயார், சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, இது திங்கதுக்கா, வெளையாடதுக்கா?" என்று கேட்டார். விளையாடத்தான் என்றேன். அவர் மறுசொல் சொல்லவில்லை. மேடைமீது களைந்து வைத்திருந்த அரிசிப் பாத்திரத்தை மட்டும் எடுத்து அப்பால் வைத்துவிட்டுப் போனார். கண்டித்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லி அத்தோடு மறந்திருப்பேன். அந்தப் பாத்திரத்தை நகர்த்தியதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

குடல் அப்பளமும் சொப்புச் சாமானும்

உணவோடு விளையாடக் கூடாது என்பது நம் வீடுகளின் சட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சற்று யோசித்தால் அந்தச் சட்டத்தை நம் வீடுகளே கடைப்பிடித்ததில்லை. திருவிழாக் கடைகளில் மஞ்சளும் ரோஸும் பச்சையுமாகப் பொரித்துத் தொங்க விடுகிற குடல் அப்பளத்தைப் பத்து விரல்களிலும் மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பயமுறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு விரலாகக் கடித்துத் தின்னாத பிள்ளை இந்தச் சீமையில் இருக்க முடியாது. அது செய்யப்படுகிற விதமும் பாஸ்தாவுக்கு அந்நியமானதில்லை. மாவைப் பிசைந்து, அச்சின் துளை வழியே குழலாகப் பிதுக்கி, துண்டு போட்டு, உலர்த்தி எடுப்பதுதான் இரண்டுக்கும் முறை. ஒன்றை எண்ணெயில் போடுகிறோம், மற்றொன்றைத் தண்ணீரில் போடுகிறோம். ஆகவே குழல் வடிவமும் வண்ணமும் கொண்ட மாவுப் பண்டம் பிள்ளைகளின் கைக்கு இப்போதுதான் வந்தது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளத்துக்கு மாவு இடிக்கிற வீடுகளில் மாவு உருண்டையைப் பிய்த்துத் தின்றுகொண்டே வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கூழ் வற்றல் பிழிகிற நாளில் காக்கை விரட்டும் வேலை எப்போதும் பிள்ளைகளுக்குத்தான். பாதி காய்ந்த வற்றலை உரித்துத் தின்பதும், அச்சில் ஒட்டிய கூழில் பொம்மை செய்வதும் அந்த வேலைக்கான கூலி.

மறுபக்கம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இருக்கிறது. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பூசிக்கொள்ளும். அப்படிச் செய்த சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுரல், திருகை. அவற்றில் சமைத்த சோறு மணல், குழம்பு செங்கல் பொடி, கறி வேப்பிலை. உண்மையான அரிசி அந்தப் பானைக்குள் வந்ததில்லை. வந்தால் அது சொப்பு விளையாட்டு இல்லை, கூட்டாஞ்சோறு. அதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை அரிசி, ஒரு கை பருப்பு, ஒரு கத்தரிக்காய் என்று வாங்கி வந்து, மூன்று கல் கூட்டி, வயதில் மூத்த அக்கா ஒருத்தியின் மேற்பார்வையில் நிஜமாகவே பொங்கி, இலையில் போட்டுத் தின்றுவிடுவார்கள்.

இவற்றை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒரு பாகுபாடு தென்பட்டது. விளையாடிவிட்டுத் தின்கிற பண்டம் நம்மிடம் உண்டு. தின்னும் பொருளே இல்லாமல் தின்பது போல விளையாடுகிற விளையாட்டும் உண்டு. ஆனால் தின்னத் தக்க ஒரு பொருளை எடுத்து, தின்னத் தகாததாக ஆக்கி, பிறகு அதைப் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுப்பது என்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அத்தை பாத்திரத்தை நகர்த்தியது இதற்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இது பாதி விடைதான். மீதிப் பாதி என் மகளின் வாயிலிருந்து வந்தது.

மாவு பிசைந்த ஞாயிறு

சாயம் ஏற்றிய பாஸ்தாவைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய பிறகு, வீட்டுச் சாப்பாட்டுக்கான பாஸ்தாவை நாமே பிசைந்து செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். கடைப் பாஸ்தா டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் ஆனது. அதன் இளமஞ்சள் நிறம் கோதுமையிலேயே உள்ள லூட்டீன் முதலிய நிறமிகளால் வருவது. நமக்குச் சுலபமாகக் கிடைப்பது பம்பாய் ரவையும் ஆட்டா மாவும் மைதாவும்தான். அல்வாவுக்கு வாங்கும் சம்பா கோதுமை, டியூரத்தின் மூதாதையான எம்மர் வகையைச் சேர்ந்தது. அந்த உறவை நம்பி அதன் ரவையைப் பொடித்துப் பிசைந்து பார்த்தேன். உறவு இருந்தாலும் இழுவை இல்லை. வெந்ததும் உடைந்து கஞ்சியாகிவிட்டது. கடைசியில் பம்பாய் ரவையை மிக்ஸியில் நன்றாகப் பொடித்துச் சலித்த மாவு இரண்டு பங்கும் ஆட்டா ஒரு பங்குமாக எனக்குச் சரிப்பட்டது. ஆட்டாவைக் கூட்டினால் தவிட்டின் பழுப்பு எல்லா நிறத்தையும் அழுக்காக்கும், நீலம் சாம்பலாகிவிடும். முட்டை சேர்க்கவில்லை. இத்தாலியின் தென்பகுதியில், குறிப்பாகப் புலியா வட்டாரத்தில், கட்டைவிரலால் அழுத்திக் காது மடல் போலச் செய்யும் ஒரேக்கியேத்தேகூட ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது.

நூறு கிராம் மாவுக்கு ஏறக்குறைய ஐம்பது மில்லி நீர் போதும். காய்கறி விழுதில் பிசைகிறபோது விழுதின் நீரையே கணக்கில் கொள்ள வேண்டும், தனியே தண்ணீர் விடக் கூடாது. மகாராஜநகர் உழவர் சந்தையில் வாங்கிய பீட்ரூட்டை ஆவியில் வேக வைத்து அரைத்த விழுது ஒரு கிண்ணம். காரட் விழுது ஒரு கிண்ணம். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து இறுகப் பிழிந்து அரைத்த பாலக்கீரை ஒரு கிண்ணம். வேலியில் பூத்த சங்குப்பூவைப் பறித்துக் காம்பு நீக்கி வெந்நீரில் ஊற வைத்த நீலத் தண்ணீர் ஒரு கிண்ணம். மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, கை வலிக்கும் அளவுக்குப் பிசைய வேண்டும். அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால்தான் மாவு இளகிக் கைக்கு இசையும்.

வடிவத்துக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் முள்கரண்டியிலும் புதுச் சீப்பிலும் உருட்டிக் கலகலா செய்வார்கள் அல்லவா, அதே கைவேலைதான் இதற்கும். சுண்டைக்காய் அளவு மாவைச் சீப்பின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியான சோழி விழும். இத்தாலியிலும் எமீலியா ரோமாஞ்ஞா வட்டாரத்தில் கர்கனெல்லி என்னும் குழல் பாஸ்தாவைச் சீப்புப் போன்ற வரிப்பலகையில்தான் உருட்டுகிறார்கள் என்பதால், இதில் யாரும் யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ஆளுக்கொரு சீப்பு கொடுத்து உட்கார வைத்தேன். முதலில் வந்தவை சோழியும் இல்லை, குழலும் இல்லை, நசுங்கிய உருண்டைகள். அவற்றையும் ஒன்றாகவே உலர வைத்தேன். வேகும் நேரம்தான் கூடக் குறைய ஆகும்.

சங்குப்பூ மாவில் ஒரு வேடிக்கை. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்ட இடத்தில் நீலம் ஊதாவாக மாறியதும், பிள்ளைகள் இருவரும் பிசைவதை நிறுத்திவிட்டு மூடி முழுக்கச் சாற்றை ஊற்றிவிட்டார்கள். புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்தன்மைக்கு ஒரு நிறமுமாக அந்தப் பூவின் நிறமி மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதை அறிந்த வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தையே பிள்ளைகளுக்கு அதையும் கரைத்துக் காட்டினார். பிறகு என் மகள் ஊதா மாவில் ஒரு பாம்பு செய்தாள். கண்ணுக்கு இரண்டு மிளகு. தண்ணீர் கொதித்ததும் எல்லாவற்றையும் போடப் போனபோது பாம்பை மட்டும் தர மறுத்தாள். அது பாம்பு, அதைத் தின்னக் கூடாது என்பது அவள் வாதம். சோற்றில் விளையாடக் கூடாது என்று ஆச்சி போட்ட கோட்டை, விளையாட்டைத் தின்னக் கூடாது என்று பேத்தி மறுபக்கத்திலிருந்து போட்டாள். கோடு ஒன்றுதான். அத்தை அவளுக்கே பரிந்து பேசியது எனக்கு வியப்பாக இருந்தது: "அது அவ செஞ்ச பாம்புல்லா, அத எதுக்கு வேக வைக்க? வேற மாவு இருக்குல்லா?"

சிவப்பு எங்கே போயிற்று

கையால் செய்த பாஸ்தா மூன்று நான்கு நிமிடங்களில் வெந்துவிடும். மிதந்து மேலே வந்த பிறகு ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து இறக்க வேண்டியதுதான். நிறங்கள் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. காரட்டின் கரோட்டீன் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. ஆதலால் ஆரஞ்சு நிறம் அப்படியே நின்றது. கீரையின் பச்சை சற்று மங்கினாலும் பச்சையாகவே இருந்தது. வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால், கொதிக்கக் கொதிக்க அதன் காரத்தன்மை கூடுவதால் கீரைக்கு அது நல்லது, பீட்ரூட்டுக்கு நல்லதில்லை. தாமிரபரணித் தண்ணீர் என்றால் பீட்ரூட் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் எந்தத் தண்ணீரிலும் பீட்ரூட்டின் நிறமி கரைந்து போவதைத் தடுக்க முடியாது. மாவாக இருந்தபோது இரத்தச் சிவப்பாக இருந்தது, தட்டுக்கு வந்தபோது வெளுத்த ரோஸாகிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த சிவப்பைக் காணாமல் என் மகள் ஏறக்குறைய அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

"ஆச்சி, செவப்பு எங்க போச்சு?"

"எங்க போவும்? இந்தா தண்ணிக்குள்ள கெடக்கு பாரு."

அத்தை வடிதட்டின் அடியிலிருந்த பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு முழுவதும் அதில் இருந்தது. நான் அதைக் கொட்டப் போனேன், அவர் விடவில்லை. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டியறியாத கை அது. கஞ்சி உப்புப் போட்டுக் குடிக்க, பருத்தி வேட்டிக்குப் போட, தொழுவில் மாடு இருந்தவரை கழுநீர்த் தொட்டிக்கு என்று எதற்காவது பயன்படும். பாஸ்தா வடித்த தண்ணீரிலும் மாவுச்சத்து கரைந்து அதே கொழகொழப்பு இருக்கிறது. ஆறிய பிறகு இரண்டு சின்ன உள்ளியைத் தட்டிப் போட்டு, மோர் விட்டு, உப்பு சரிபார்த்து, பேத்திக்கு ஒரு தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மோரின் புளிப்பில் அந்த நிறம் இன்னும் தெளிந்து ரோஜா நிறமாயிற்று. தட்டில் குறைந்துபோன சிவப்பைத் தம்ளரில் கண்டதும் பிள்ளைக்குச் சமாதானம் ஆகிவிட்டது. குடித்து முடித்து உதட்டைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. பள்ளிக்குக் கொடுத்தது போக மீந்த சாயப் பாஸ்தா ஒரு டப்பாவில் இருந்தது. அவள் அதை எடுத்து வந்து, ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, உட்கார்ந்து பார்த்தாள். வேக வைக்கத் தேவையே இருக்கவில்லை. போட்ட மாத்திரத்தில் சிவப்பு இழையிழையாக இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் தம்ளர் முழுதும் பளபளவென்று சிவந்துவிட்டது. பீட்ரூட் தண்ணீரைவிட இது அழகான சிவப்பு, அதையும் சொல்ல வேண்டும். அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஆச்சியிடம் போனாள். "ஆச்சி, இதுலயும் வந்துட்டு. குடிப்பமா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் யோசிப்பதற்கு முன்பே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அந்தச் சின்ன பாட்டிலை உணவுக்கான நிறம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். உணவுக்கான நிறம் என்றால் ஏன் குடிக்கக் கூடாது? விளையாட்டுச் சாமான் என்றால், நான் ஏன் அதை அடுக்களை மேடையில் வைத்து, சாப்பாட்டுக்கு வாங்கிய அதே பொட்டலத்திலிருந்து எடுத்துச் செய்தேன்? நான்கு வயதுப் பிள்ளை இப்படிச் சொற்களில் கேட்கவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். கேள்வி முழுதும் எனக்குள் ஓடியது. ஐந்து நிமிடங்களுக்கு முன்னால், நிறம் தண்ணீருக்குப் போகும், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று கண்ணால் கண்டு கற்றிருந்தாள். அதே அடுக்களையில், அதே ஆட்களின் முன்னிலையில், அந்தப் பாடம் பொய்யாகிவிட்டது.

சட்டப்படி பார்த்தால் என் மறுப்பு சற்று மிகையானது. நம் நாட்டில் உணவில் சேர்க்க எட்டுச் செயற்கை நிறங்களுக்கு அனுமதி உண்டு. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோய்சின், போன்சோ 4ஆர் ஆகியவை அவற்றுள் அடங்கும். அனுமதி பெற்ற பண்டங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது உச்ச அளவு. நான் பைக்குள் ஊற்றியது அளவில்லாத ஒரு கரண்டி என்பதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மேற்சொன்ன நான்கும் அடங்கிய ஆறு நிறங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. அந்த நிறங்களோடு, பண்டம் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேட்டும் சேர்ந்த பானம் குடித்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பு சிறிதளவு கூடியதை அவர்கள் கண்டார்கள். எந்த நிறம் எவ்வளவு காரணம் என்று அது பிரித்துக் காட்டவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகம் 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு நிறங்கள் சேர்ந்த பண்டங்களின்மேல் கட்டாயமாயிற்று. இங்கே 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தது, ரோடமின் பி என்னும் துணிச்சாயம் அதில் இருந்ததால். அது அனுமதி பெற்ற எட்டில் ஒன்றில்லை. உணவுச் சாயத்தையும் துணிச்சாயத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது முறையாகாது. ஆனால் பஞ்சுமிட்டாய் வாங்கிய பிள்ளைக்கு இரண்டும் ஒரே ரோஸ்தான் என்பதையும் மறக்க முடியவில்லை.

என் மனத்தில் உறுத்தியது நஞ்சா இல்லையா என்பதைவிட வேறொன்று. சாப்பிடும் நிறத்திடம் நாம் எதிர்பார்ப்பதும், விளையாடும் நிறத்திடம் எதிர்பார்ப்பதும் நேர் எதிரானவை. கோர்த்த மணியின் நிறம் வெயிலுக்கு நிற்க வேண்டும், நாள்பட்டாலும் மங்கக் கூடாது. காய்கறி நிறங்கள் அதற்கு லாயக்கில்லை. மஞ்சள் வெயில் பட்டால் வெளுக்கும், பீட்ரூட் சில நாட்களில் பழுப்பாகும். நிற்பதற்கென்றே ஆக்கப்பட்டவை செயற்கைச் சாயங்கள். சாப்பாட்டின் நிறமோ வெந்தால் மங்க வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும், உதட்டில் ஒட்டி மறுநாள் போய்விட வேண்டும், ஏனெனில் அது காயின் ஒரு பகுதி. காய் வேகும்போது அதற்கு நேர்வது எல்லாம் நிறத்துக்கும் நேரும். ஒரே பொட்டலத்தை இரண்டுக்கும் ஆக்குகிறபோது, தட்டில் இருப்பதும் மணியைப் போலப் பளிச்சென்றிருக்க வேண்டும் என்று பிள்ளையும் எதிர்பார்க்கத் தொடங்குகிறது, நாமும் எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். வெளுத்த ரோஸ் பாஸ்தா தோல்வி போலத் தோன்றுவது அதனால்தான். அடுத்த முறை விழுதோடு ஒரு சொட்டுச் சாயத்தையும் விட்டால் என்ன என்று கை நீள்வதும் அதனால்தான். காய்கறியை நிறத்துக்குள் ஒளித்துக் கொடுக்கிற உத்தியும் எனக்கு அன்றோடு கசந்துவிட்டது. அரைத்ததையும் பிசைந்ததையும் பார்த்திருந்ததால் என் மகளுக்கு அது பீட்ரூட் என்று தெரியும். தெரிந்தேதான் தின்றாள். கீரைச் சோழியைத் தெரிந்தேதான் ஒதுக்கினாள். அது அவள் உரிமை.

கோர்ப்பதற்கு

கோர்த்து விளையாடுவதன் பயனை நான் மறுக்கவில்லை. சிறு பொருள்களை எடுத்து, துளை பார்த்து, நூல் நுழைத்து இழுக்கிற வேலை பிள்ளையின் விரலுக்கும் கண்ணுக்கும் நல்லது என்பதை மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே பூக்கட்டுகிற வீடுகள் அறிந்திருந்தன. எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் பாஸ்தாவைத் தவிர வேறொரு மணி. புளியங்கொட்டைக்கும் சோழிக்கும் துளை கிடையாது, பல்லாங்குழிக்குத்தான் ஆகும். மஞ்சாடி விதை சிவப்பாக அழகாக இருக்கும், ஆனால் துளையிடுவது பெரியவர்களுக்கே கடினம். குன்றிமணியை நினைக்கவே கூடாது. உடைந்த விதை கொடிய நஞ்சு. பப்பாளி இலையின் காம்பு வெட்டிய அன்று அருமையான குழல், காய்ந்ததும் சுருங்கி வதங்கிவிடுகிறது. பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரைக்கு உள்ளே துளை இல்லை. ஆற்றங்கரை நாணலில் உள்ளே குழலாக இருக்கிற தட்டையாகப் பார்த்து, ஒரு விரற்கடை நீளத்தில் நறுக்கி, முனையை உப்புத்தாளில் தேய்த்தால் எல்லாம் சரியாக அமைகிறது. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அதையும் கொடுக்கக் கூடாது. மூக்கிலும் தொண்டையிலும் போய் அடைத்துக்கொள்வதில் பாஸ்தாவுக்கும் நாணலுக்கும் வித்தியாசம் இல்லை. நாணல் தட்டைக்கு எறும்பு வராது என்பது கூடுதல் வசதி. அந்த மிளகுக் கண் பாம்பை ஐப்பசி மழையில் எறும்பும் பூஞ்சணமும் பங்கிட்டுக்கொண்டன.

பெங்களூரில் இருக்கும் மதினிக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை. "நீ ரொம்ப யோசிக்க. பிள்ளைய வச்சிக்கிட்டு வேலைக்கும் போறவ நாணலுக்கு எங்க போவா?" என்று தொலைபேசியில் கேட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஆற்றங்கரை ஐந்து கிலோமீட்டரில் இருப்பது எனக்கு வாய்த்த வசதி. அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் இருப்பவருக்குப் பாஸ்தாப் பொட்டலம்தான் கைக்கு எட்டும். விரல்களில் வலுக் குறைந்த பிள்ளைகளுக்குப் பென்னேயின் அகன்ற துளை போல எளிதானது வேறில்லை என்று சிறப்புப் பயிற்சி அளிக்கும் தோழி ஒருத்தியும் சொன்னாள். அவர்களிடம் நான் சொல்லக்கூடியது சிறியது. விளையாட்டுக்குச் சாயம் ஏற்றுவதை அடுக்களைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பால்கனியில், பழைய டப்பாவில், பெயிண்ட் தூரிகையோடு. சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து பிள்ளையின் கண்முன்னால் எடுக்காதீர்கள். வண்டு விழுந்த பழைய பொட்டலம் எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். மதினி இதற்கு ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. வண்டு விழுந்த பொட்டலம் தன் வீட்டில் கிடையாது என்பதைத்தான் அழுத்தமாகச் சொன்னார்.

வகுப்பு ஆசிரியையிடம் சொன்னபோது அவர் நாணல் மணியை மறுக்கவில்லை, மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு பை நறுக்கித் தர முடியுமா என்றுதான் கேட்டார். நிறத்துக்கு இப்போதைக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்க வைக்கிறேன். வெறும் கஷாயத்தில் தட்டை செம்பழுப்பாக வருகிறது. அதில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பைக் கரைத்தால் நிறம் நல்ல கருஞ்சிவப்பாகிறது, ஆனால் இரவு முழுதும் ஊற வேண்டும். பச்சைக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. கீரைச் சாறு இரண்டு நாளில் வைக்கோல் நிறமாகிவிடுகிறது. பத்தமடையில் பாய் முடைகிறவர்களிடம் எந்தச் சாயம் போடுகிறார்கள் என்று கேட்டு வரலாம் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.